வகுப்பாசிரியரின் கையில் ஒரு சாசனம்

அமெரிக்காவில் ஆகஸ்டு மாதக் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயத்தில், சாதாரண வகுப்பாசிரியர் ஒருவரின் கைக்கு மாணவர்களின் பெயர்ப்பட்டியலோடு கூடவே வேறொரு கட்டுக் காகிதமும் வந்து சேருகிறது. சில சமயம் இருபது முப்பது பக்கங்கள் வரை நீளுகிற அந்தக் காகிதத்துக்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பேச்சில் அது ஐ.இ.பி. உடலிலோ, புலன்களிலோ, மனவளர்ச்சியிலோ, கற்கும் முறையிலோ குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு இந்த ஆண்டு எதைக் கற்பிக்கப் போகிறோம், எவ்வாறு கற்பிக்கப் போகிறோம், அது கற்றுக்கொண்டது என்பதை எதைக் கொண்டு அறியப் போகிறோம் என்பவற்றைப் பள்ளியாரும் பெற்றோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்து எழுதிய ஏற்பாடு அது. அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவிகிதம் பேர், அதாவது 70 லட்சத்துக்கும் அதிகமானவர்கள், இந்தத் திட்டத்துக்கு ஆதாரமான மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் விசேஷக் கல்வி பெறுகிறார்கள்.

திட்டத்தை எழுதுவதில் சிறப்பாசிரியருக்கும், உளவியல் நிபுணருக்கும், பேச்சுப் பயிற்சி அளிப்பவருக்கும் பெரும் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் இந்தக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளி நேரத்தில் 80 சதவிகிதத்துக்குக் குறையாமல் கழிப்பது பொது வகுப்பறையில்தான். அங்கே அவர்கள் பார்க்கும் முகம் கணக்கும் சரித்திரமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிற சாதாரண ஆசிரியரின் முகம். வைத்தியர் எவ்வளவு நுட்பமாகப் பத்தியம் எழுதிக் கொடுத்தாலும், அடுப்படியில் நிற்பவருக்கு அது தெரியாவிட்டால் நோயாளியின் இலையில் விழுவது வழக்கமான சாப்பாடாகத்தான் இருக்கும். ஆகையால் திட்டம் பலிப்பதும் பலிக்காமற் போவதும் வகுப்பாசிரியர் அதை வாசித்து, ஒவ்வொரு வரியையும் ஒரு பாடவேளைக்குள் செய்யத்தக்க காரியமாகக் கிரகித்துக்கொண்டாரா என்பதைப் பொறுத்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் காகிதத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்கள் அதை வெறும் அலுவலகப் படிவமாக நினைக்க மாட்டார்கள். பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. முதல் வகுப்பு தொடங்கும் வேளையில் ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிற அதிகாரத்தை அது பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் நலனுக்காக அம்மாகாணத்தில் இயங்கிவந்த சங்கம் 1971-இல் வழக்குத் தொடுத்து, அத்தகைய குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி உரியதென்று மாகாணத்தையே ஒப்புக்கொள்ளச் செய்தது. மறு ஆண்டில் தலைநகரான வாஷிங்டனில் ஏழு குழந்தைகளின் சார்பில் நடந்த வழக்கில், பணம் போதவில்லை என்று பள்ளி நிர்வாகம் சொன்ன சமாதானத்தை நீதிபதி ஜோசப் வாடி ஏற்கவில்லை. பணம் குறைவாக இருந்தால் அந்தக் குறைவை எல்லாக் குழந்தைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, ஊனமுற்ற குழந்தையின் தலையில் மட்டும் அதை இறக்கக் கூடாது என்று அவர் தீர்த்தார். இந்த இரு வழக்குகளும் திறந்த வழியில்தான் 1975 நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி ஜெரால்டு போர்டு கையொப்பமிட்ட சட்டம் வந்தது. நாட்டில் ஊனமுற்ற குழந்தைகள் 80 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை, 10 லட்சம் பேருக்குப் பள்ளியின் கதவே அடைபட்டிருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே நாடாளுமன்றம் எழுதிவைத்தது. 1990-இல் பெயர் மாறி, 1997-இலும் 2004-இலும் திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது அதே சட்டம். தனிநபர் கல்வித் திட்டம் அதன் நடுநாயகமான ஏற்பாடு.

இனி அந்தக் காகிதத்தை விரித்துப் பார்ப்போம். அவசரத்தில் இருக்கிற ஆசிரியர், தாம் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியலிட்டிருக்கிற பக்கத்தை மட்டும் தேடிப் புரட்டுவது சகஜம். ஆனால் முதலில் நிதானித்து வாசிக்க வேண்டிய பகுதி, குழந்தையின் தற்போதைய நிலையை விவரிக்கிற பகுதியே. உதாரணத்துக்காக நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்புத் தரத்துப் பத்தி ஒன்றை அவன் நிமிஷத்துக்கு 52 சொற்கள் வீதம், எட்டுப் பிழைகளோடு வாசிக்கிறான். ஆனால் நான்காம் வகுப்புக் கதையைப் பிறர் படித்துக் காட்டினால் சம்பவங்களை வரிசை பிறழாமல் திருப்பிச் சொல்லுகிறான். உரக்க வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போதெல்லாம் பென்சில் சீவுவதற்கென்று எழுந்து போய்விடுகிறான். இந்த மூன்று வாக்கியங்களை வாசித்த ஆசிரியருக்கு, பென்சில் சீவப் போகிற பையன் அடங்காதவன் அல்ல என்பதும், அவனுடைய அறிவுக்கும் அச்செழுத்துக்கும் இடையில்தான் தடை இருக்கிறது என்பதும் விளங்கிவிடும். வாசிக்காத ஆசிரியரோ மூன்றாவது வாரத்தில் அவனைத் தலைமையாசிரியரிடம் அனுப்பிக்கொண்டிருப்பார்.

தற்போதைய நிலைக்கு அடுத்தபடியாக வருவது ஆண்டுக் குறிக்கோள். அது அளக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. வாசிப்பில் நல்ல முன்னேற்றம் காண்பான் என்று எழுதினால், கண்டான் என்றும் சொல்லலாம், காணவில்லை என்றும் சொல்லலாம். ஒருவரும் மறுக்க முடியாது. மூன்றாம் வகுப்புத் தரத்துப் பத்தியை, வரும் மே மாதத்துக்குள், நிமிஷத்துக்கு 90 சொற்கள் வீதம், மூன்று பிழைகளுக்கு மேற்படாமல், நான்கு வாரச் சோதனைகளில் மூன்றிலாவது வாசிப்பான் என்று எழுதினால், ஜனவரி மாதத்திலேயே வண்டி சரியான பாதையில் போகிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். இந்த எண்களை வறட்டுக் கணக்கென்று சில ஆசிரியர்கள் வெறுப்பதுண்டு. அந்த வெறுப்பு எனக்கு விளங்குகிறது, ஆனாலும் நான் எண்களின் பக்கமே நிற்கிறேன், ஏனென்றால் பெற்றோர் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கக்கூடியது அந்த எண் ஒன்றே.

வகுப்பாசிரியர்களை மிகவும் குழப்புகிற இடம், அனுசரணைகளுக்கும் பாடமாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசம். அனுசரணை என்பது கற்க வேண்டியதைக் குறைக்காமல், கற்கும் வழியையும் கற்றதைக் காட்டும் வழியையும் மாற்றுவது. கேள்வியைப் படித்துக் காட்டுதல், கூடுதல் நேரம், பெரிய எழுத்து, சொல்லச் சொல்ல எழுதித் தருகிற துணையாள் முதலியவை இவ்வகை. பாடமாற்றம் என்பது கற்க வேண்டியதையே மாற்றுவது. மற்றவர்கள் எல்லாப் பின்னங்களையும் கூட்டும்போது, ஒரு குழந்தைக்கு ஒரே பகுதி எண் கொண்ட பின்னங்களை மட்டும் கொடுப்பது இவ்வகை. ஏட்டில் பார்க்கும்போது எளிதாகத் தோன்றுகிற இந்தப் பேதம், வகுப்பில் ஒவ்வொரு சோதனையின்போதும் புதிதாக யோசிக்க வேண்டியதாகிறது. நாம் கற்பனை செய்த சிறுவனுக்குச் சமூக அறிவியல் சோதனையில் நதிகளைப் பற்றிக் கேட்கும்போது கேள்விகளைப் படித்துக் காட்டுவது முற்றிலும் நியாயம். படித்துக் காட்டாவிட்டால் அவன் வாங்குகிற மதிப்பெண் நதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அவனுடைய வாசிப்பைப் பற்றியே மறுபடியும் சொல்லும். அதே உதவியை, சரளமாக வாசிக்கிறானா என்று அளக்கிற சோதனையில் செய்தால் சோதனையே அழிந்துவிடும். ஒரே உதவி காலையில் நியாயமாகவும் மாலையில் பிழையாகவும் இருக்கலாம். எது எப்போது என்பதை, தாம் உண்மையில் எதைச் சோதிக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்கிற ஆசிரியரால்தான் நிச்சயிக்க முடியும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் சிலர், பாவம், இவனுக்கு இவ்வளவு போதும் என்று இரக்கப்பட்டு, திட்டத்தில் இல்லாத பாடக் குறைப்பைத் தாமாகவே செய்துவிடுகிறார்கள். அந்த இரக்கம் குழந்தைக்குச் செய்கிற நஷ்டம் சில ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். பாடமாற்றத்தோடு மேலே மேலே ஏறிவந்த மாணவன், உயர்நிலைப் பள்ளியின் வழக்கமான பட்டயத்துக்கு வேண்டிய பாடங்களைக் கற்கவே இல்லை என்று அப்போது கண்டுபிடிக்கப்படுகிறது. குறைப்பது அவசியமானால் குழு கூடித் தீர்மானிக்கட்டும். தனியொருவருடைய கருணைக்கு விடத்தக்க விஷயம் அல்ல அது.

சிறிய ஷரத்துக்களும் அப்படியே. தகுந்த இருக்கை தரப்பட வேண்டும் என்று எழுதியிருந்தால் உடனே முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுவது வழக்கம். சற்றே காது கேட்கிற குழந்தைக்கு, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியரின் பக்கம் இருக்கும்படியாகவும் அவருடைய உதடுகள் தெரியும்படியாகவும் அமைந்த இடமே தகுந்தது. அப்போதுங்கூட, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் பேசினால் முன்வரிசையால் பிரயோஜனமில்லை. முதுகுக்குப் பின்னால் நடமாட்டம் இருந்தால் திடுக்கிடுகிற குழந்தைக்கு முதல் வரிசை வேதனை தருகிற இடம். ஒன்றரை மடங்கு நேரம் என்று எழுதியிருப்பதை, விளையாட்டு வேளையில் பிடித்து உட்கார வைத்து நிறைவேற்றுவதையும் கேள்விப்படுகிறோம். தோழர்கள் வெளியே ஓடியாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோதனை எழுதுகிற பிள்ளைக்கு அது உதவியாகவா தோன்றும், தண்டனையாகத்தானே தோன்றும்?

திட்டத்தை அறியாமற் போவது ஒரு வகை. அறிந்தும் ஏற்க மறுப்பது வேறு வகை. மேற்கு வர்ஜீனியா மாகாணத்தின் டெய்லர் கவுண்டியில், கற்றல் குறைபாடுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனுக்குச் சோதனைகளை வாய்மொழியாக நடத்த வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. அவனுக்குச் சரித்திரம் கற்பித்த ஆசிரியர் அதைச் செய்ய மறுத்தார். மாணவன் அந்தப் பாடத்தில் தோற்றான். பெற்றோர் தொடுத்த வழக்கில் 1993-இல் ஜூரிகள் அந்த ஆசிரியர் தம் சொந்தப் பொறுப்பில் 5,000 டாலர் நஷ்ட ஈடாகவும், 10,000 டாலர் தண்டத் தொகையாகவும் கொடுக்க வேண்டுமென்று முடிவு செய்தார்கள். அமெரிக்க ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அச்சத்தால் விளைகிற கீழ்ப்படிதலை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. எனினும் திட்டத்தை ஏற்பதும் தள்ளுவதும் தம் விருப்பம் என்று ஓர் ஆசிரியர் நினைத்துக்கொள்ள இடமில்லை என்பதை அந்தத் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது.

எவ்வளவு உதவி செய்தால் கடமை தீர்ந்தது என்பதற்கு உச்ச நீதிமன்றம் இரு முறை விடை சொல்லியிருக்கிறது. நியூயார்க் மாகாணத்தில் எமி ரௌலி என்ற, காது கேளாத சிறுமி இருந்தாள். தாய் தந்தையர் இருவருக்கும் காது கேளாது. அவளை வரவேற்பதற்காகப் பள்ளி நிர்வாகிகள் சிலர் சைகை மொழி வகுப்புக்குப் போனார்கள். பெற்றோருடன் தொடர்புகொள்ளத் தலைமையாசிரியர் அறையில் தட்டச்சுத் தொலைபேசி ஒன்றையும் வைத்தார்கள். அப்படிப்பட்ட நல்லெண்ணம் உள்ள பள்ளியே, பாடவேளைகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பெற்றோர் கேட்டபோது அவசியமில்லை என்றது. ஏனென்றால் உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரியான எமி, வகுப்பில் சராசரிக்கு மேலாகவே படித்துக்கொண்டிருந்தாள். 1982-இல் ஆறு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். குழந்தைக்குக் கல்வியில் பயன் விளைகிறது என்றால் போதும், அதன் ஆற்றல் முழுவதும் மலரும்படி செய்யச் சட்டம் கேட்கவில்லை என்பது அவர்களுடைய கொள்கை. மாறுபட்ட மூவரின் சார்பில் எழுதிய நீதிபதி வைட், மொழிபெயர்ப்பாளர் இல்லாதபோது வகுப்பில் பேசப்படுவதில் பாதிக்கும் குறைவாகவே அந்தக் குழந்தை கிரகிக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். மதிப்பெண் நன்றாக இருக்கிறதே, இனி என்ன குறை என்று நினைக்கிற ஒவ்வொரு ஆசிரியரும் அந்தப் பாதியைப் பற்றி யோசிக்க வேண்டும். காதில் விழாமற் போன பாதியை மதிப்பெண் பட்டியல் ஒருபோதும் காட்டுவதில்லை.

இரண்டாவது விடை 2017-இல் வந்தது. கொலராடோ மாகாணத்தில் ஆட்டிசம் உள்ள என்ட்ரூ என்ற சிறுவனின் திட்டத்தில், பெரும்பாலும் அதே குறிக்கோள்களே ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வந்தன. நான்காம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் அவனை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே அவன் முன்னேறினான். இம்மியளவு பயன் இருந்தாலும் சட்டத்துக்குப் போதும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தள்ளிற்று. அந்தந்தக் குழந்தையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றத்தை உண்டாக்கும்படி திட்டம் அமைய வேண்டும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். சென்ற ஆண்டுக் குறிக்கோளை அப்படியே எடுத்து இந்த ஆண்டுத் தாளில் ஒட்டுகிற பழக்கத்துக்கு அன்றே முடிவு வந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் பக்கத்து நியாயங்களையும் தள்ளிவிடக் கூடாது. இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் ஐந்து திட்டங்கள் இருந்தால், ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால், ஒரு மனிதர் எத்தனை பக்கம் திரும்ப முடியும்? 1975-இலேயே ஜனாதிபதி போர்டு, மத்திய அரசால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக இச்சட்டம் வாக்களிக்கிறது என்று கவலைப்பட்டுத்தான் கையொப்பமிட்டார். ஒரு மாணவனுக்கு நாட்டில் சராசரியாக ஆகிற செலவில் 40 சதவிகிதம் வரை மத்திய அரசு தருவதாகச் சட்டத்தில் எழுதியிருந்தும், ஒருநாளும் அந்த அளவு நிதி வந்ததில்லை. பணம் வராத இடத்தில் துணையாசிரியர் வருவதில்லை. துணையாசிரியர் வராத இடத்தில் சுமை முழுவதும் வகுப்பாசிரியரின் தோளில் இறங்குகிறது. இந்த அநியாயத்தைச் சொல்லவே வேண்டும், சட்டமன்றம் வரைக்கும் சொல்ல வேண்டும். ஆனால் மற்றக் குழந்தைகளுக்கு இது அநீதி அல்லவா என்ற வாதத்தை மட்டும் நான் ஒப்புவதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது நீதி என்றால், கண்ணாடி அணிந்த பிள்ளையின் கண்ணாடியையும் சோதனைக்கு முன் கழற்றிவிட அல்லவா வேண்டும்?

மேலும், குறிக்கோளைக் குழந்தை எட்டாமற் போனால் அதற்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கச் சட்டம் கோரவில்லை என்பதை 1977-இல் வெளியான விதிகளே தெளிவாக்கின. எழுதியதைச் செய்ய வேண்டும், உண்மையான பிரயாசையோடு செய்ய வேண்டும் என்பதுதான் கடமை. திட்டம் ஆசிரியருக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும், அதில் அவருக்குரிய பொறுப்புகள் எவை என்று அவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதும் விதிகளில் இருக்கிறது. கிடைக்காத இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்தரங்கத்தைக் காக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்து வருகிறது. ஓய்வறையில் தேநீர் அருந்திக்கொண்டு பேசுகிற பேச்சுக்கு அந்தக் காகிதம் பொருளாகக் கூடாது.

நம் நாட்டிலும் 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, தனித்தனியே தேவைப்படும் ஆதரவை அளிக்கவும், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கவும் கல்வி நிலையங்களைப் பணித்திருக்கிறது. ஆரம்ப வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கும் அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-இல் நம் உச்ச நீதிமன்றமும் கூறியது. வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்குப் பள்ளி போய்வருகிற சிறப்புப் பயிற்றுநரின் பதிவேட்டில் ஒரு குழந்தையின் திட்டம் இருக்கலாம். அவர் அடுத்த பள்ளிக்குப் போனபின் எஞ்சிய நாட்களில் அக்குழந்தையோடு இருக்கப் போகிற வகுப்பாசிரியர் அதை வாசித்திருக்கிறாரா என்று விசாரிப்பது பெற்றோருடைய வேலையாகவும் கல்வி அதிகாரியுடைய வேலையாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் வகுப்பாசிரியரைத் திட்டக் குழுவின் அங்கத்தினராக ஆக்கியது 1997-இல்தான். அதற்கு முன்பு, குழந்தையோடு நாள் முழுவதும் பழகுகிறவர் இல்லாமலே குழந்தையைப் பற்றித் தீர்மானிப்பது சாத்தியமாக இருந்தது. இன்றும் பெற்றோரும் பள்ளியும் எழுத்தில் சம்மதித்தால் அவர் வராமலிருக்கலாம்; அந்தச் சலுகையை அவர் நாடாமலிருப்பது நல்லது. வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது. குழந்தை எழுதிய இரண்டு மூன்று தாள்கள், எந்த அனுசரணையை எத்தனை முறை உபயோகித்தான், எதைத் தொடவே மறுத்தான் என்ற குறிப்பு, எந்தப் பாடவேளையில் அவன் முகம் மலர்ந்தது என்ற சேதி ஆகியவை நிபுணர்களின் சோதனை அறிக்கையில் கிடைக்காதவை. அந்த மேஜைக்கு எதிர்ப்புறம் உட்காருகிறவர்களில், நியூஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய நம் தமிழ்ப் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற வளர்ப்பினால் அவர்களில் பலர், நீங்களே பார்த்துச் செய்யுங்கள் டீச்சர் என்று சொல்லிக் கையெழுத்திட்டு வந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் பேசப்படுவது பெற்றோருக்கு விளங்கும்படி செய்வது பள்ளியின் கடமை; ஆங்கிலத்தில் தடுமாறுகிற தாய்க்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவதும் அந்தக் கடமையில் அடங்கும். திட்டத்தின் பிரதியைச் செலவின்றிப் பெற்றுக்கொள்ளவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசீலிக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பது விதியல்ல. ஒரு ஷரத்து வகுப்பறையில் வேலை செய்யவில்லை என்று நவம்பரிலேயே தெரிந்துவிட்டால், நவம்பரிலேயே குழுவைக் கூட்டும்படி பெற்றோரும் கேட்கலாம், வகுப்பாசிரியரும் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோரும் பள்ளியும் ஒப்புக்கொண்டால் முழுக் குழுவும் கூடாமலே எழுத்து மூலமாக அந்த ஷரத்தை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.